காலனிப் பூங்காவைப் பேணப் பணம் எங்கிருந்து வரும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிக்குச் சொந்தமான பூங்காக்களை முன்னின்று கவனித்துக்கொள்ள விரும்பும் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்காக இதை எழுதுகிறேன். பெரும்பாலான சங்கங்களிடம் திட்டம் இருக்கிறது. எந்த மூலையில் என்ன மரம், நடைபாதை எங்கே உடைந்திருக்கிறது, தண்ணீர் எங்கிருந்து எடுப்பது எல்லாம் நோட்டில் எழுதி வைத்திருப்பார்கள். பணம் என்று வரும்போதுதான் வேலை நின்றுபோகிறது.

இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. பூங்காவில் புதிதாக ஒன்றைக் கட்டப் பணம் தருவோர் கிடைப்பார்கள். கட்டியதை நாள்தோறும் பார்த்துக்கொள்ளப் பணம் தருவோர் மிகவும் அரிது. ஆகவே செடிக்குத் தண்ணீர் ஊற்றுபவருக்குச் சம்பளம் எங்கிருந்து என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஊஞ்சலுக்கும் விளக்குக்கும் ஆள் தேடுவது அதற்குப் பிறகுதான்.

திட்டம் தயார். முதலில் யாரிடம் போய்ப் பணம் கேட்பது?

யாரிடமும் கேட்க வேண்டாம். முதலில் மண்டல அலுவலகத்துக்குப் போய், உங்கள் பூங்காவுக்கு இப்போது என்ன செலவாகிறது என்று விசாரியுங்கள்.

சென்னை மாநகராட்சியின் பொறுப்பில் மட்டும் 700க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதியைப் பராமரிப்பவர்கள் ஒப்பந்ததாரர்கள். மற்ற ஊர்களிலும் இந்த முறை பரவலாக உண்டு. அப்படியானால் உங்கள் பூங்காவின் பெயரில் ஏற்கெனவே பொதுப்பணம் போய்க்கொண்டிருக்கலாம். ஒப்பந்தத்தில் எத்தனை ஆட்கள் வர வேண்டும், புல் எத்தனை நாளுக்கு ஒருமுறை வெட்டப்பட வேண்டும், பழுதான விளக்கை யார் மாற்ற வேண்டும், கழிப்பறையை யார் கழுவ வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் இருக்கும். அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள். நேரில் கேட்டுக் கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப் போடுங்கள். கட்டணம் பத்து ரூபாய்தான்.

நகல் கைக்கு வந்ததும் உங்கள் திட்டத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் சந்தா பிரித்துச் செய்ய நினைத்த வேலைகளில் சில, ஒப்பந்ததாரர் ஏற்கெனவே செய்ய வேண்டியவையாக இருக்கும். அவற்றைத் திட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, உதவிப் பொறியாளரிடம் எழுத்து மூலம் புகாராகக் கொடுங்கள். மக்கள் வரியில் நடக்க வேண்டிய வேலைக்கு மக்களிடமே இரண்டாம் முறை வசூலிப்பது நியாயம் இல்லை.

நிலம் யாருடையது என்று எல்லா அலுவலகத்திலும் கேட்கிறார்கள். அது ஏன் அவ்வளவு முக்கியம்?

அந்த ஒரு காகிதம் இல்லாமல் அரசு நிதியும் வராது, நிறுவன நிதியும் வராது.

தமிழ்நாட்டில் மனைப்பிரிவு போடும்போதும் பெரிய கட்டடங்கள் கட்டும்போதும் திறந்தவெளிக்கு இடம் ஒதுக்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், நிலம் தர இயலாத நிலையில் அதற்கு ஈடான தொகையைக் கட்டலாம். சென்னையில் இதை ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீட்டு) நிலம் என்கிறார்கள். கோவைப் பக்கம் ரிசர்வ் சைட் என்றால்தான் புரியும்.

வரைபடத்தில் பூங்கா என்று பச்சை அடித்திருப்பதை வைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பழைய மனைப்பிரிவுகளில் இடம் புரமோட்டர் பெயரிலேயே நின்றிருப்பதும், பின்னாளில் வாரிசுகள் வந்து உரிமை கோருவதும் நடக்கக்கூடியவை. இப்படிப்பட்ட இடங்களைக் காப்பதற்கென்றே 1959ஆம் ஆண்டின் தமிழ்நாடு பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் சட்டம் இருக்கிறது. நிலத்தில் சிக்கல் என்றால், நிதி தேடுவதை நிறுத்தி வைத்துவிட்டு அதைத் தீருங்கள். ஊரார் காசில் வேலி போட்டு மரம் வளர்த்த பிறகு இடமே கைவிட்டுப் போவதைவிட அது மேல்.

நிலம் உள்ளாட்சியுடையது என்று உறுதியானதும் ஆணையரிடமிருந்து அனுமதிக் கடிதமோ புரிந்துணர்வு ஒப்பந்தமோ வாங்குங்கள். வாய்மொழி அனுமதி அந்த அதிகாரி மாற்றலாகிப் போகும் நாள் வரைதான் செல்லும்.

நாங்கள் எழுதிய திட்டத்தை நிதி கேட்பதற்கு ஏற்றபடி எப்படி மாற்றுவது?

செலவுகளை மூன்று குவியலாகப் பிரியுங்கள். ஒரே ஒருமுறை வருவது முதல் குவியல்: போர்வெல், சம்ப், நடைபாதை, சுற்றுச்சுவர், விளையாட்டுச் சாதனங்கள், மழைநீர் சேகரிப்புக் குழி. மாதாமாதம் வருவது இரண்டாவது: தோட்டக்காரர், தண்ணீர், மின்சாரம், குப்பை, உரம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது மூன்றாவது: மோட்டார் ரீவைண்டிங், ஊஞ்சல் சங்கிலி, பெயிண்ட், மரக்கிளை கழித்தல்.

முதல் குவியலுக்குக் கதவுகள் பல உண்டு. இரண்டாவதற்கு அக்கம்பக்கத்தாரும், தத்தெடுக்கும் நிறுவனமும், உள்ளாட்சியின் ஒப்பந்தமும் தவிர வழி இல்லை. மூன்றாவதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். சறுக்குமரத்தின் தகரம் துருப்பிடித்துக் குழந்தையின் காலைக் கிழித்த பிறகு அவசரக் கூட்டம் போடுவது அதனால்தான். மாதச் சந்தாவில் ஒரு பங்கை இதற்கென்று தனியாக ஒதுக்கி வையுங்கள்.

பிறகு முதல் குவியலில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனித் தாள் போடுங்கள். வேலை என்ன, எஸ்டிமேட் எவ்வளவு, யாருக்குப் பயன், முடிந்த பிறகு பராமரிப்பவர் யார் என்ற நான்கும் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். நாற்பது பக்கத் திட்டத்தைக் கொடுத்து 30 லட்சம் கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். ஒரு பக்கத்தைக் கொடுத்து மழைநீர்க் குழிகளுக்கு மட்டும் கேட்டால் பேச்சு தொடங்கும். எஸ்டிமேட்டை உள்ளாட்சிப் பொறியாளரைக் கொண்டே போட வைத்தால் இன்னும் நல்லது. பின்னால் எந்த அரசுத் திட்டத்துக்குப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள்.

மாதச் செலவுக்குச் சந்தா என்றால் பாதிப் பேர் தர மாட்டார்களே?

உண்மைதான். அதை ஏற்றுக்கொண்டே கணக்குப் போடுங்கள்.

கணக்கு புரிவதற்காகச் சொல்கிறேன். உங்கள் பூங்காவுக்கு மாதம் 20,000 ரூபாய் தேவை, சுற்றிலும் 200 வீடுகள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு 100 ரூபாய் போதும் என்று தோன்றும். பாதி வீடுகள்தான் தரும் என்றால் 200 ரூபாய் ஆகிறது. ஆண்டுச் சந்தாவாக 2,400 ரூபாயை ஒரே தவணையில் வாங்கினால் மாதாமாதம் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. தருபவருக்கும் ஒரு நாளோடு முடிந்துவிடும். யுபிஐ வழி வாங்குங்கள், ரசீது அன்றே போகட்டும்.

வீட்டுக்காரர்களோடு நிறுத்திவிடாதீர்கள். காலையில் நடக்க வருகிறவர்களில் பலர் அடுத்த தெருக்காரர்களாக இருப்பார்கள். அவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை. பூங்காவை ஒட்டிய டீக்கடை, மருந்துக்கடை, டியூஷன் சென்டர், கிளினிக் எல்லாவற்றுக்கும் பூங்கா ஆள் கூட்டித் தருகிறது. அவர்களிடமும் கேட்கலாம்.

இன்னொரு வழி வைப்புநிதி. பெற்றோர் நினைவாக, பிள்ளையின் திருமணத்தை ஒட்டி, அறுபதாம் கல்யாணத்துக்கு என்று கோயிலுக்குக் கட்டளை வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. பூங்காவுக்கும் அப்படி ஒரு தொகையைப் போடச் சொல்லி, முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் பராமரிப்புக்கு எடுப்பது நல்ல ஏற்பாடு. தருபவர் பெயரில் ஆண்டில் ஒரு நாள் பூங்காச் செலவு நடக்கும் என்று சொன்னால் மக்களுக்கு உடனே பிடிபடுகிறது.

சந்தா கட்டாதவரை உள்ளே விடாதீர்கள் என்று ஒருவர் எழுந்து சொல்வார். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். இது பொது இடம். பின்தெருக் குடிசைப் பிள்ளைக்கும், கட்டட வேலைக்கு வந்த வெளியூர்க் குடும்பத்துக்கும், சந்தா கட்டும் வீட்டுக்கும் இதில் சம உரிமை. சொல்லப்போனால் வீட்டில் முற்றமோ மொட்டை மாடியோ இல்லாதவர்களுக்குத்தான் பூங்கா அதிகம் தேவை.

நமக்கு நாமே திட்டத்தில் பூங்கா வேலை செய்ய முடியுமா?

முடியும். முதல் குவியலுக்கு நான் முதலில் சொல்லும் வழி இதுதான்.

1997இல் தொடங்கிய இத்திட்டம், இடையில் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடந்தது. 2021-22 முதல் பழைய பெயரோடு மீண்டும் வந்திருக்கிறது. மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும், மீதியை அரசு தரும். 6 லட்சம் ரூபாய் வேலைக்கு நீங்கள் 2 லட்சம் திரட்டினால் 4 லட்சம் அரசிடமிருந்து வருகிறது. ஊரில் பிரித்த ஒரு ரூபாய் மூன்று ரூபாய் வேலையாக மாறும் வேறு திட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. பங்களிப்பை ஒரே ஆள் தரலாம், பலர் சேர்ந்து தரலாம், நிறுவனமும் தரலாம். சந்தா பிரிக்கத் திணறும் பகுதிகளில் அந்த மூன்றில் ஒரு பங்குக்கு ஒரு நிறுவனத்தையோ உள்ளூர்ப் புரவலரையோ பிடித்துவிட்டால் வேலை சுலபம். பாதியோ அதற்கு மேலோ பங்களித்தால் வேலையைத் தாங்களே எடுத்துச் செய்யவும் இடம் உண்டு. விண்ணப்பம் தரும்போதே அதைக் கேளுங்கள்.

நடைமுறையில் இரண்டு எச்சரிக்கைகள். எஸ்டிமேட் இறுதியாவதற்கு முன் பணத்தைக் கட்டாதீர்கள். டெண்டர் வழியே வேலை போகும் என்றால், என்ன பொருள், என்ன தடிமன், எந்த வகைக் கல் என்று எஸ்டிமேட்டில் எழுதியிருப்பதை வேலை நடக்கும்போது கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். பணம் போட்டவர் என்ற முறையில் கேள்வி கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

எம்.எல்.ஏ., எம்.பி., கவுன்சிலர் நிதி?

தமிழ்நாட்டில் ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதிக்கும் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் தொகுதி மேம்பாட்டு நிதி. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி. கேட்கப் பெரிதாக இருந்தாலும், இதே தொகைக்குப் பள்ளிக் கட்டடம், நியாயவிலைக் கடை, சாலை, குடிநீர்த் தொட்டி எல்லாம் வரிசையில் நிற்கின்றன.

இந்த நிதிகள் நிலைத்து நிற்கும் சொத்துகளுக்கானவை. எம்.பி. நிதியில் சம்பளம், மின்கட்டணம் போன்ற தொடர் செலவுகளைக் கேட்க முடியாது. நிலம் வாங்கவும் முடியாது. கட்டியதைப் பராமரிப்போம் என்று பயன்படுத்தும் தரப்பு முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டும். மாதச் சந்தாவை ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கும் சங்கத்தின் மனுவுக்கு அந்த இடத்தில் தனி மதிப்பு வந்துவிடுகிறது.

கவுன்சிலரை விட்டுவிடாதீர்கள். வார்டு மேம்பாட்டு நிதி சிறியதானாலும் விரைவில் கைக்கு வரக்கூடியது. நகர்ப்புறங்களில் வார்டு குழு, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை என்ற ஏற்பாடு 2022 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பகுதி சபைக் கூட்டத்தில் பூங்கா வேலையை எழுத்து மூலம் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றுங்கள். கட்சி பார்க்காமல் எல்லோரிடமும் கொடுங்கள். திறப்பு விழாக் கல்வெட்டில் யார் பெயர் என்ற சண்டையில் சங்கம் இறங்கக் கூடாது.

சி.எஸ்.ஆர். நிதி என்று எல்லோரும் சொல்கிறார்கள். எந்த நிறுவனத்திடம் கேட்கலாம்?

சி.எஸ்.ஆர். என்பது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. அதற்கு அடிப்படை 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுவரவு 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி என்ற மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொட்ட நிறுவனம், முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் அதற்குரிய துறைகள் இருக்கின்றன. சுற்றுச்சூழல் பாதுகாப்பு, தாவரங்களையும் விலங்குகளையும் காத்தல், இயற்கை வளங்களைப் பேணுதல் ஆகியவை அதில் அடக்கம். பூங்காவுக்கு அந்த வாசல் போதும். நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே மும்பைத் தலைமையகத்துக்குக் கடிதம் போடுவதற்கு முன் உங்கள் ஊர்த் தொழிற்சாலையைப் பாருங்கள். திருப்பூரில் பின்னலாடை, கோவையில் பம்ப், ஓசூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வாகனம், தூத்துக்குடியில் துறைமுகத்தை ஒட்டிய தொழில்கள் என்று ஊருக்கு ஊர் வாய்ப்பு மாறும்.

இந்த நிறுவனங்கள் தங்கள் சி.எஸ்.ஆர். கொள்கையையும் பணிகளையும் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்பது விதி. கடந்த சில ஆண்டுகளில் எதற்குச் செலவிட்டார்கள் என்று படித்துவிட்டுப் போங்கள். பள்ளிகளுக்கு மட்டும் தருபவரிடம் பூங்கா என்று கேட்பதைவிட, அருகிலுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பறவை பார்க்கவும் செடி வளர்க்கவும் வரும் இடம் என்று உண்மையாகவே ஒரு ஏற்பாட்டைச் செய்துவிட்டுக் கேட்பது பலன் தரும்.

அந்தப் பணத்தை எங்கள் நலச் சங்கம் நேரடியாக வாங்கலாமா?

பெரும்பாலும் முடியாது. உறுப்பினர் நலனுக்காகப் பதிவு செய்த சங்கம் அறப்பணி அமைப்பாகக் கருதப்படுவதில்லை. சி.எஸ்.ஆர். பணத்தைப் பெற்று வேலை செய்யும் அமைப்புக்கு வருமான வரித் துறையின் 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை) பதிவுகள் வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் மூலம் பதிவும் கட்டாயம். அதோடு மூன்றாண்டு செயல்பாட்டு அனுபவமும் காட்ட வேண்டும்.

இதற்காகப் புதிதாக ஒரு டிரஸ்ட் தொடங்கி மூன்றாண்டு காத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏற்கெனவே இந்தப் பதிவுகள் உள்ள, மரம் வளர்ப்பிலோ நீர்நிலைப் பணியிலோ நல்ல பெயர் எடுத்த ஓர் அமைப்போடு சேருங்கள். பணம் அவர்கள் கணக்குக்கு வரட்டும், வேலையின் மேற்பார்வை உங்களிடம் இருக்கட்டும், இதை எழுதிக் கையெழுத்திடுங்கள். இல்லையென்றால் நிறுவனம் உள்ளாட்சியோடு நேரடியாக ஒப்பந்தம் போடட்டும். சி.எஸ்.ஆர். பணத்தில் உருவாகும் நிலையான சொத்து பொது அமைப்பிடமோ, தகுதியுள்ள அறப்பணி அமைப்பிடமோ, பயனாளிகளின் குழுவிடமோதான் இருக்கலாம் என்பது விதி. பூங்கா ஏற்கெனவே உள்ளாட்சியுடையது என்பதால் இந்த வழியில் சிக்கல் குறைவு.

காலமும் முக்கியம். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. அந்தக் காலாண்டில்தான் ஆண்டுத் திட்டம் உருவாகும், அப்போது போங்கள். ஜனவரிக்குப் பிறகு செலவாகாத தொகைக்கு அவசரமாக இடம் தேடும் நிறுவனங்களும் உண்டு. எஸ்டிமேட், அனுமதிக் கடிதம் எல்லாம் தயாராக இருப்பவருக்கு அது கிடைக்கும். பல ஆண்டுப் பணியாகக் கேட்கவும் வழி இருக்கிறது. தொடங்கும் ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகள் வரை நீளும் தொடர் பணியாக விதிகள் அனுமதிக்கின்றன. நட்ட மரக்கன்று தன் வேரில் நிற்க அந்தக் காலம் சரியாக இருக்கும். ஆகவே நடும் செலவோடு நிறுத்தாமல் மூன்றாண்டுத் தண்ணீரையும் ஆளையும் சேர்த்தே கேளுங்கள்.

பணம் தரும் நிறுவனம் பூங்கா முழுக்கப் பெயர்ப்பலகை வைக்கச் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

வாசலில் ஒரு சிறிய நன்றிப் பலகை போதும். தன் பொருளை விளம்பரப்படுத்தும் ஆதாயத்துக்காக நிறுவனம் தரும் ஸ்பான்சர்ஷிப் சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது என்று விதியே சொல்கிறது. அதை மென்மையாக நினைவுபடுத்துங்கள், பெரும்பாலோர் இறங்கி வருவார்கள். பலகை அளவை உள்ளாட்சி ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் சங்கம் வாதாட வேண்டியதில்லை.

தத்தெடுப்பு என்பது என்ன? அது நல்லதா?

பூங்காவின் முழுப் பராமரிப்பையும் ஒரு நிறுவனமோ சங்கமோ உள்ளாட்சியிடமிருந்து ஏற்றுக்கொள்வது. சென்னையில் பலரும் அறிந்த உதாரணம் மயிலாப்பூர் லஸ் பகுதியில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா. அதைச் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனம் பல ஆண்டுகளாகப் பேணி வருகிறது. மைக் இல்லாத காலைக் கச்சேரிகள் அங்கே பேர் பெற்றவை. ஒரே பூங்காவில் ஒரு நிறுவனம் நீண்ட காலம் நிலைத்து நின்றதுதான் அங்கே கவனிக்க வேண்டிய செய்தி. மரங்களுக்கு வேண்டியது அந்த நீண்ட காலம்தான்.

எல்லாத் தத்தெடுப்பும் அப்படி அமைவதில்லை. நிர்வாகம் மாறினால், லாபம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது இந்தச் செலவு. ஆகவே ஒப்பந்தத்தில் விலகுவதற்கு முன்னறிவிப்புக் காலம், தண்ணீர், மின்கட்டணம் யார் பொறுப்பு, தோட்டக்காரர் சம்பளம் எவ்வளவு, சங்கம் எதைக் கண்காணிக்கும் என்று தெளிவாக இருக்கட்டும். சங்கமே தத்தெடுப்பதானால் தொடக்கத்திலேயே முழுப் பூங்காவையும் ஏற்காதீர்கள். செடிகளும் மரங்களும் எங்களுடையவை, விளக்கும் கழிப்பறையும் சுற்றுச்சுவரும் உங்களுடையவை என்று பிரித்துக்கொள்வது தாங்கும்.

நன்கொடைக்கு வரிவிலக்கு தர முடிந்தால் அதிகம் தருவார்களா?

பெரிய தொகை தருபவர்கள் கேட்பார்கள். 80ஜி என்று எல்லோரும் சொல்லும் சலுகையில் தகுதியுள்ள அறக்கட்டளைக்குத் தந்த தொகையில் பொதுவாகப் பாதிக்குக் கழிவு கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் கிடைக்காது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இல்லை. இப்போது பலர் புதிய முறையில் இருப்பதால் இதன் ஈர்ப்பு குறைந்துவிட்டது. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்களும் மாறியிருக்கின்றன. ரசீது அச்சடிப்பதற்கு முன் ஆடிட்டரைக் கேளுங்கள்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் தெருப் பிள்ளைகள் அனுப்பத் தயார். வாங்கலாமா?

அவர்கள் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். இந்தியக் குடியுரிமையோடு சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்ப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டவர். எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் அவர் பணத்தைத் தொடக் கூடாது, தொகை சிறியதானாலும் குற்றம். அந்தப் பதிவு சிறு சங்கத்துக்கு எட்டக்கூடியதும் இல்லை. அப்படிப்பட்டவர் ஊரில் உள்ள அண்ணன் தம்பியிடம் சொல்லி, அவர்கள் தங்கள் பணத்திலிருந்து தரும்படி ஊக்கப்படுத்தலாம். பெயரை மட்டும் மாற்றி அதே பணத்தைக் கொண்டுவரும் வேலை வேண்டாம்.

மரக்கன்று இலவசமாகக் கிடைக்கிறது. எத்தனை வாங்கலாம்?

எத்தனைக்கு மூன்று கோடைகள் தண்ணீர் ஊற்ற முடியுமோ அத்தனை.

2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் வழியாகவும், வனத்துறை நாற்றங்கால்கள் வழியாகவும், தன்னார்வ அமைப்புகளிடமும் கன்று கிடைப்பது கடினமில்லை. கன்று நடும் விழாவுக்குக் கூட்டம் வரும், புகைப்படம் எடுப்பார்கள், சித்திரை வெயிலில் ஒருவரும் வர மாட்டார்கள். காய்ந்து குச்சியாக நிற்கும் கன்றுகளைப் பார்த்தால் மனம் வலிக்கிறது. ஆகவே கன்று தருபவரிடம் கன்றோடு தண்ணீருக்கும் கூண்டுக்கும் காசு கேளுங்கள். பிறந்தநாளுக்குக் கன்று நட வரும் குடும்பத்திடம் மூன்றாண்டுப் பராமரிப்புத் தொகையை அன்றே வாங்கிவிடுங்கள். சந்தோஷமாகத் தருவார்கள்.

எந்த மரம் என்பதும் பணக் கேள்விதான். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. விரைவாக வளர்ந்து நிழல் தருகிறதே என்று நட்ட பிறநாட்டு மரங்கள் பல அதில் போயின. வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம், நாவல், இலுப்பை என்று நம் மண் அறிந்த மரங்களாக இருந்தால் தண்ணீர்ச் செலவும் குறையும், புயலுக்குப் பிந்தைய வெட்டுக்கூலியும் குறையும். கோனோகார்பஸ் என்ற பிறநாட்டு மரத்தின் கன்றை யார் இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். அதை நடுவதற்குத் தமிழ்நாடு அரசு 2025இல் தடை விதித்திருக்கிறது.

பணமாக இல்லாமல் வேறு எதைக் கேட்கலாம்?

தண்ணீரை. அருகில் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பு இருந்தால் அங்கே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கும். சுத்திகரித்த நீரில் ஒரு பகுதியை என்ன செய்வது என்று அவர்களே தவிப்பார்கள். ஒழுங்காகச் சுத்திகரித்த நீர் என்று பரிசோதனை அறிக்கை வாங்கிக்கொண்டு அதைப் பூங்காவுக்குத் திருப்பினால் மாதச் செலவின் பெரிய சுமை இறங்கும். இலைச்சருகை எரிக்காமல் உரமாக்கினால் உரச் செலவும் மிச்சம். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், பூங்காவில் நடக்க வரும் ஓய்வுபெற்ற பொறியாளர், கணக்குத் தெரிந்த வங்கி ஊழியர் ஆகியோரின் நேரமும் நன்கொடைதான்.

ஆனால் தினசரி வேலையைத் தன்னார்வலர்களை நம்பி விடாதீர்கள். அதற்குக் கூலி கொடுத்து ஆள் வையுங்கள். மகளிர் சுய உதவிக் குழுவிடம் பராமரிப்பை ஒப்படைக்கும்படி உள்ளாட்சியைக் கேட்டுப் பாருங்கள். பக்கத்துத் தெருப் பெண்களுக்கு வருமானம் வரும், பூங்காவுக்கும் நாளெல்லாம் கவனிக்க ஆள் இருக்கும்.

பூங்காவிலேயே வருமானம் பார்க்கலாமே? கடை, விளம்பரம், விழாவுக்கு வாடகை?

நிலமும் அதிலிருந்து வரும் வருமானமும் உள்ளாட்சியுடையவை. சங்கம் தன்னிச்சையாக வாடகை வாங்க முடியாது. அனுமதி கிடைத்தாலும் தயங்குவேன். ஒரு கடை வந்தால் அதற்குக் கூரை வரும், கூரைக்குப் பின்னால் கிடங்கு வரும், கால் ஏக்கர் பூங்காவில் புல்தரை எங்கே மிஞ்சும்? திறந்தவெளியாகவே இருப்பதற்குத்தான் சட்டம் அந்த இடத்தைக் காக்கிறது.

கணக்கை எப்படி வைத்துக்கொள்வது?

பூங்காவுக்கென்று தனி வங்கிக் கணக்கு, இருவர் கையெழுத்து. சங்கம் 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருக்கட்டும், ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். மாத வரவு செலவைப் பூங்கா வாசல் பலகையில் ஒட்டுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடுவது போதாது, குழுவில் இல்லாதவர்களும் பணம் தந்திருப்பார்கள். வேலை தொடங்கும் முன், நடக்கும்போது, முடிந்த பின் என்று ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களை வைத்திருங்கள். நிறுவனம் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்கும் நாளில் தேட வேண்டியிருக்காது.

நிதி ஒப்புதலாகிவிட்டது, பணம் மட்டும் வரவில்லை. வேலையைத் தொடங்கலாமா?

கட்டுமான வேலையைத் தொடங்காதீர்கள். வேலை உத்தரவு வருவதற்கு முன் செய்த செலவைப் பின்னால் எந்தத் திட்டத்திலும் ஈடுகட்டித் தர மாட்டார்கள். சந்தாவில் நடக்கும் தண்ணீர், குப்பை, களை எடுப்பு இவை மட்டும் ஒரு நாளும் நிற்க வேண்டாம். கோப்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரே ஆள் போய் விசாரியுங்கள். மார்ச் மாதம் நெருங்கினால் வாரம் ஒருமுறை போங்கள். நிதியாண்டு முடிந்தால் ஒப்புதலைப் புதுப்பிக்க வேண்டியிருக்குமா என்பதையும் அப்போதே எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.